வீட்டு ஓவனும் பிரகாசி பேக்கரியும்

டிசம்பர் 1, திங்கள்

கடலின் மீதும், உப்பின் மீதும், என் முன்னோர் எனக்கு விட்டுச் சென்ற ஒரே சொத்தான இந்த மூக்கின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இன்று முதல் இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் கிடையாது. பாதியை நானே நம்பவில்லை.

தூத்துக்குடி மாநகரில் இன்று மாலை யுத்தம் அறிவிக்கப்பட்டது. இடம், என் தங்கை ஞானம் வீட்டுச் சமையலறை. அறிவித்தவள் அவள் மகள் லிடியா. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் டீச்சர். அவளுக்கு வயது இருபத்தாறு, அவள் வாய்க்கு வயது நூற்றிருபது. என் மைத்துனர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஆகவே வருடத்தில் பெரும்பகுதி அந்த வீட்டின் ஒரே ஆண்சிங்கம், மாடியறையில் குடியிருக்கும் சவரிராயன் ஆகிய நான்தான். உப்பளத்தில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழு தேசத்து இளவரசிகள் கேட்டு அனுப்பினார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற ஆறு பேரும் படையெடுத்து வருவார்கள் என்று உலக அமைதிக்காக விட்டுவிட்டேன்.

வழக்கம்போல பிரகாசி பேக்கரிப் பொட்டலத்தை மேசையில் பிரித்தேன். மக்ரூன், வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பன். லிடியா பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா, தெனமும் இப்படி வாங்கிட்டு வாரீங்களே. இதையே வீட்டுல சுட்டா பாதி விலைதான் ஆகும், தெரியுமா?"

"பாதி விலைக்குப் பாதி ருசிதான் இருக்கும்."

"நிரூபிச்சுக் காட்டட்டா?"

ஞானம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "காட்டுட்டி. கிறிஸ்மஸ் வரைக்கும் கடைப் பலகாரம் இந்த வாசப்படி ஏறக்கூடாது. நீ சுடுறதுதான் மலிவுன்னு ஆயிட்டா, அதுக்கப்புறம் எப்பவுமே ஏறக்கூடாது. அண்ணனுக்கும் அந்த பேக்கரிப் பக்கம் போற வேலை மிச்சம்."

நான் அதிர்ந்து போனேன். ஒரு பொருளாதார நிபுணன் என்ற முறையில் மட்டுமே அதிர்ந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நம் ஊரில் ஒரு நியாயம் உண்டு. கையில் பொட்டலத்தோடு கடை வாசலில் நிற்பவன் வாடிக்கையாளன். பொட்டலம் இல்லாமல் நிற்பவன் ஊர்ப்பேச்சு. அதுவும் கடையை நடத்துவது புருஷனை இழந்து தனியாக இருக்கும் பெண் என்றால், பேச்சு பழைய துறைமுகம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். பிரகாசி அப்படித் தனியாகத்தான் கடையை நடத்துகிறாள். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

ஓவன் வந்து இறங்கியது. சின்னப் பெட்டிதான். ஆனால் பிளக்கைச் சொருகியதும் தெருவிளக்கெல்லாம் மங்கின. கலங்கரை விளக்கம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. கொழும்புக்குப் போன கப்பல் ஒன்று குழம்பிப்போய் மாலத்தீவில் கரை ஒதுங்கியது.

டிசம்பர் 4, வியாழன்

முதல் படைப்பு: தேங்காய் பன். மாவு உப்பி வரவில்லை. ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட்டாள் லிடியா.

ஒன்றைக் கையில் எடுத்தேன். மணிக்கட்டு பிசகியது. மாடியிலிருந்து காக்கைக்கு எறிந்தேன். காக்கை ஒதுங்கிக்கொண்டது, பன் தரையில் விழுந்து, பூமிக்குள் இறங்கிப்போனது. இந்நேரம் பாதாளத்தில் யாரோ அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

"கடையில பாதிதான் மாமா."

"எறிஞ்சதையும் சேர்த்தா?"

முறைத்தாள். நான் மிகுந்த உற்சாகத்தோடு மாடியேறினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

யுத்தம் என்றால் உளவு வேண்டாமா? கடை பிஸ்கட் என்ன எடை, என்ன விலை என்று தெரியாமல் எதை எதோடு ஒப்பிடுவது? "விசாரணைக்குப் போய்ட்டு வாரேன்" என்று ஞானத்திடம் கம்பீரமாக அறிவித்தேன்.

"விசாரணைக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?"

அரசாங்க அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள் என்றேன்.

பிரகாசி கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புதுக் கண்ணாடி. பழைய கண்ணாடியைவிடச் சட்டம் மெல்லியது, காதோரம் சின்ன வெள்ளிக் கோடு. இதுவும் விசாரணையின் ஒரு பகுதிதான்.

"என்ன அண்ணாச்சி, நாலு நாளா ஆளையே காணோம்? மேலுக்கு முடியலையோன்னு நெனச்சேன்."

யுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கல்லாவில் கையூன்றிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கண்ணாடி அலமாரியில் இருந்த கேக்குகள் எல்லாம் ஒரு அங்குலம் எழும்பி உட்கார்ந்தன.

"அப்ப உங்க மருமவ ஜெயிச்சா நீங்க இங்க வர மாட்டீங்க?"

"வீட்டுச் சட்டம் அப்படி."

சிரிப்பு நின்றது. துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அப்ப அந்தப் புள்ள தோத்துரணும்னு நான் வேண்டிக்கவா? என் யாவாரத்துக்காகச் சொல்லுதேன்."

"யாவாரத்துக்காக வேண்டிக்கிறதுல தப்பே இல்ல" என்றேன் நான்.

டிசம்பர் 8, திங்கள்

இன்று மக்ரூன். அறியாதவர்களுக்காக: முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் காயவிட வேண்டும். வாயில் வைத்தால் மேகத்தைக் கடித்த மாதிரி இருக்க வேண்டும்.

லிடியா அடித்தாள். கை வலித்து என்னிடம் தந்தாள். நான் அடித்த வேகத்தில் நுரை பாத்திரம் தாண்டி, ஜன்னல் தாண்டி, எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த துணியை வெளுத்தது. பிழிந்து ஓவனில் வைத்தோம். வெளியே மழை. கடல்காற்றும் மழையும் சேர்ந்தால் இந்த ஊரில் தீப்பெட்டியே வியர்க்கும், மக்ரூன் எம்மாத்திரம்? தட்டை வெளியே எடுத்த சற்று நேரத்தில் கோபுரங்கள் எல்லாம் சரிந்து, ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து, ஒரே பசையாகிவிட்டன. அதை வைத்து என் அறுந்த செருப்பை ஒட்டினேன். இந்த நிமிடம் வரை பிரியவில்லை.

லிடியா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு தீபாவளி. ஆனால் முகத்தில் துக்கவீடு.

டிசம்பர் 9, செவ்வாய்

காலை மஞ்சள்கரு ஆம்லெட். மதியம் மஞ்சள்கருப் பொரியல். இரவு மஞ்சள்கருக் குழம்பு. கண்ணாடியில் பார்த்தேன், மஞ்சள் காமாலைக்காரன் நின்றான்.

டிசம்பர் 10, புதன்

மீண்டும் விசாரணை. பிரகாசியிடம் மக்ரூன் கதையைச் சொன்னேன்.

"மழையில வீட்டுல போட்டா அப்படித்தான் ஆகும். எங்களுக்கு விறகு அடுப்பு. சுட்டு முடிச்சு, நெருப்பைத் தள்ளிட்டு, அந்தச் சூட்டுலயே விடிய விடிய காயப்போடுவோம். சரி, மஞ்சக்கருவை என்ன பண்ணுனீங்க?"

"தின்னோம். தின்னுக்கிட்டே இருக்கோம்."

"ஐய! அது வெண்ணெய் பிஸ்கட்டுக்குல்ல போகணும்! மஞ்சக்கரு சேர்த்தாத்தான் அப்படிப் பொலபொலன்னு உதிரும். ஒண்ணுல மிஞ்சுறதை இன்னொண்ணுல போட்டாத்தான் அண்ணாச்சி கட்டுபடியாகும்."

அறிவு! அறிவு என்றால் இதுதான். உலக வங்கியே வந்து அவள் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். மயங்கிப்போய், எனக்கென்று ஐந்து மக்ரூன் கேட்டேன். கடையில் வைத்தே தின்றால் வீட்டுச் சட்டம் தடுக்காது. அவள் இரண்டுதான் எடுத்து வைத்தாள்.

"அஞ்சு கேட்டேன்."

"போன மாசம் டாக்டர்ட்ட போய்ட்டு வந்து என்ன சொன்னீங்க?"

என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அதைக் காபியில் ஊற்றிக் குடித்துவிட்டார் என்றும், இனி சீனியைத் தொடக்கூடாது, கருப்பட்டி வேண்டுமானால் நாக்கில் கொஞ்சம் காட்டலாம் என்று சொல்லியனுப்பினார் என்றும் சொல்லியிருந்தேன்.

"அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது."

"நீங்க சொல்லுறதுல எது வேடிக்கை எது நெசம்னு எனக்குத் தெரியும். ரெண்டுதான்."

எவ்வளவு அநியாயம்! தானே வியாபாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வியாபாரியை இந்த உலகம் கண்டதுண்டா? கொதித்துப்போய், இரண்டையும் மிக மெதுவாகத் தின்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன். சாப்பிடும்போது பிரகாசியின் அறிவைப் புகழ்கிறேன் பேர்வழி என்று மஞ்சள்கரு ரகசியத்தை உளறிவிட்டேன். லிடியா சோற்றுக் கையோடு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

டிசம்பர் 13, சனி

நாசம்.

வெண்ணெய் பிஸ்கட். பொன் நிறம். வாயில் வைத்ததும் உதிர்ந்தது. வாசனை தெருவைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, உப்பளத்தையே இனிக்கச் செய்திருக்கும். ஞானம் ஒன்று தின்றாள், இரண்டு தின்றாள், பிறகு டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடையில வாங்குறதுல பாதிகூட ஆகலம்மா. கரண்டோட சேர்த்து!" லிடியா குதித்தாள்.

"சீக்கிரமா எல்லாத்தையும் கத்துக்கிருவா அண்ணே. இனிமே கடைக்கு எதுக்கு?"

நானும் ஒன்று தின்றேன். நன்றாக இருந்தது. இதைவிடக் கசப்பான இனிப்பை நான் தின்றதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கோயிலிலிருந்து வீட்டுக்குப் பேக்கரி வழியாக வராமல் வேறு வழியாகவும் வரலாம் என்று இன்றுதான் தெரிந்தது. மட்டமான வழி.

டிசம்பர் 17, புதன்

சதி செய்தேன். லிடியா ஓவனில் கேக் வைத்துவிட்டுக் குளிக்கப் போன சமயம், "கேக்கைக் காற்று வாங்க விடுகிறேன்" என்று கதவைத் திறந்து திறந்து மூடினேன். கேக் நடுவில் குழிந்து ஒரு குளமானது. அதில் வாத்து நீந்தியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே இரண்டு வாத்துகள் நீந்தின.

தலை ஈரம் சொட்ட வந்து நின்றாள் லிடியா. சூடுபட்ட என் விரலைப் பார்த்தாள்.

"மாமா. நான் ஜெயிச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கிழக்கிந்தியக் கம்பெனி, சுதேசி வணிகம், சிறுதொழில் பாதுகாப்பு ஆகியவை பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றினேன். கைகட்டிக் கேட்டாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் முன்னுரையே முடியல."

"நேத்து பேக்கரி அக்காவைப் பாத்தேன். 'உங்க மாமா சுகமா இருக்காரா'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு வேற எங்கேயோ பாத்தாங்க. இப்ப நீங்க பாக்கீங்கள்ல, அதே மாதிரி."

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான பல்லி.

"விரல்ல தேங்காண்ணெய் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்றுதான் இறுதிப் போர். கிறிஸ்மஸ் கேக். லிடியா வாரக்கணக்கில் திராட்சைச் சாற்றில் ஊறவைத்த பழங்கள், கருக்கிய சீனி, மொத்த வீட்டின் மானம், எல்லாம் மாவில் கலந்தாயிற்று. இது சரியாக வந்தால் கடைக்கு நிரந்தரப் பூட்டு.

தட்டை ஓவனுக்குள் தள்ளப்போன நேரம் காற்று ஊளையிட்டது. புயல் சின்னம். மழை தண்ணீராக விழவில்லை, வாளி வாளியாக, வாளியோடு சேர்த்தே விழுந்தது. கரண்ட் போய்விட்டது. எங்கேயோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டதாம், நாளைக்குத்தான் வருமாம்.

லிடியாவின் முகம் அந்த மாவைப்போலத் தொய்ந்துவிட்டது. "கலந்த மாவு நாளைக்கு வரைக்கும் தாங்காதே மாமா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஞானம்தான் சொன்னாள். "கரண்டு அடுப்பு இல்லாத காலத்துல நாங்க என்ன செஞ்சோம்? தட்டுல மாவை ஊத்தி பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போவோம். விறகு அடுப்புல சுட்டுத் தருவாங்க. இப்பவும் பாதித் தெரு அப்படித்தான் செய்யுது."

லிடியா வாயைத் திறப்பதற்குள் நான் குடையோடு வாசலில் நின்றேன்.

பேக்கரியில் திருவிழாக் கூட்டம். எல்லா வீட்டுக் கேக் தட்டுகளும் அங்கே. யாருடையது எது என்று தெரிவதற்கு அவரவர் மேலே முந்திரிப்பருப்பால் ஓர் அடையாளம் வைப்பது வழக்கம். லிடியா மிகவும் யோசித்துச் சிலுவை வைத்திருந்தாள். தெருவில் எல்லோருமே மிகவும் யோசித்திருக்கிறார்கள். முக்கால்வாசித் தட்டுகளில் சிலுவை.

பிரகாசி அடுப்பு வாயில் நீளக் கட்டையோடு நின்று தட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். நெருப்பு வெளிச்சம் முகத்தில். என்னைக் கண்டதும் கட்டை நின்றது.

"வழி தெரிஞ்சுதா?"

"புயல் கொண்டுவந்து போட்டுட்டுது."

"எத்தனை நாளு வரலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் எண்ணல."

"நானும் எண்ணல" என்றாள் வெடுக்கென்று. பிறகு மாவை வாங்கி, முகர்ந்து பார்த்தாள். "நல்லாக் கலந்திருக்கா. கெட்டிக்காரப் புள்ள."

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். கையில் வேலை இருந்ததால் ஊரும் எதுவும் சொல்ல முடியாது. தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன், விறகு தள்ளினேன், எனக்கும் திமிங்கிலத்துக்கும் நடந்த மல்யுத்தத்தைக் கூட்டத்துக்குச் சொன்னேன். கேக் வெந்து வந்தது. சிலுவை போட்ட தட்டை எடுத்துக்கொண்டு, மழையில் மிதந்து வீடு வந்தேன்.

டிசம்பர் 24, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஓடவில்லை என்றால், குதிக்கிறது.

மத்தியானம் கேக்கை வெட்டினோம். ஞானம் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். "ஏட்டி, இதுவரைக்கும் இந்த வீட்டுல இப்படி ஒரு கேக் தின்னதில்ல!" நான் நாலு துண்டு தின்றுவிட்டு ஐந்தாவதுக்குக் கை நீட்டினேன். லிடியா மட்டும் ஒரு விள்ளலை நாக்கில் வைத்து நெற்றியைச் சுருக்கினாள்.

"இதுல கருப்பட்டி இருக்கு. சீனியே இல்ல. நான் கருப்பட்டியே போடலையே."

அப்போது வாசலில் யாரோ. ஞானம் போய்ப் பார்த்தாள். மழைக்கோட்டும் கையில் ஒரு கேக் தட்டுமாகப் பிரகாசி.

"அவரு இருக்காரா?"

ஞானம் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாமாங்கத்துக் கேள்விகள் இருந்தன. அண்ணாச்சி இருக்காரா என்று கேட்கவில்லை. அவரு இருக்காரா.

பிரகாசி உள்ளே வந்து தட்டை மேசையில் வைத்தாள். சிலுவை. "இதுதான் உங்க வீட்டுக் கேக். நேத்துக் கூட்டத்துல மாத்தித் தூக்கிட்டு வந்துட்டாரு. என்னுது..." மேசையில் பாதி தீர்ந்துபோன கேக்கையும், என் வாயையும், மீசையில் ஒட்டியிருந்த துகளையும் பார்த்தாள். "தின்னாச்சா?"

"தெரியாம வெட்டிட்டோம் அக்கா" என்றாள் லிடியா. "யாராவது ஆர்டர் குடுத்த கேக்கா? சொல்லுங்க, நான் வேற..."

"ஆர்டர் இல்ல."

"அப்ப யாருக்கு?" இது ஞானம். என் தங்கை போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

பிரகாசி மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினாள். இத்தனை வருடமாகக் கல்லாவில் நின்று ஊரையே மிரட்டும் பெண்ணின் குரல் ஒரு மக்ரூனைப்போல உடையும்படி இருந்தது.

"தின்னவருக்குத்தான்."

ஃபிரிட்ஜ்கூட மூச்சு விடவில்லை. கரண்ட் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நான் பேச வேண்டிய இடம் அது. ஏழு இளவரசிகளுக்குப் பதில் எழுதியவன், கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியவன். வாயைத் திறந்து, ஐந்தாவது துண்டை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

காப்பாற்றியவள் லிடியா. டீச்சர் குரலில், மேசையைத் தட்டினாள்.

"சரி. போட்டி முடிவைச் சொல்லிருதேன். பிஸ்கட்டு வீட்டுல மலிவு. பன்னும் மக்ரூனும் கடையில மலிவு, எறியுறதையெல்லாம் சேர்த்தா. கேக்கு, வீட்டுல கலந்து கடை அடுப்புல சுட்டாத்தான் மலிவு. அதனால இனிமே வாரா வாரம் நான் மாவு கலந்து தாரேன், மாமா அதை பேக்கரிக்குக் கொண்டு வருவாங்க. சரிதானம்மா?"

"நான் என்ன சொல்ல? கணக்குப் போடுற டீச்சர் நீதான்" என்றாள் ஞானம், சிரிப்பைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு.

பிரகாசி வாசல் வரை போனாள். திரும்பினாள். என்னைப் பார்க்காமல், கதவுக் கொண்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"மாவு இல்லாமலும் வரலாம்."

டிசம்பர் 25, வியாழன்

உலக வரலாறு இந்தத் தேதியை வேறொரு காரணத்துக்காகக் கொண்டாடுகிறது என்பதை அறிவேன்.

காலைப் பூசையில் என் குரல் கேட்டுப் பீடத்து மெழுகுவத்திகள் தாமாகவே எரிந்தன. மத்தியானப் பிரியாணியை எனக்குப் பயந்து மூன்று தெரு ஒளித்து வைத்தது. சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது வானவில் ஒன்று இறங்கி வந்து வழி விட்டது. ஞானம் எங்கே என்று கேட்கவில்லை. லிடியா மாவுத் தூக்குவாளியை நீட்டவில்லை. பழைய துறைமுகத்து ஆட்கள் எல்லாம் திரண்டு தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவர், "என்ன சவரி, கையில ஒண்ணுமில்லாம கெளம்பிட்ட?" என்று கேட்டார். அவருக்கு ஒரு நூறு அடி உயரத்தில் நின்றுகொண்டு பதில் சொன்னேன்.

இவ்வளவு தூரம் படித்தவர்களிடம் இனி மறைப்பானேன்? வானவில் கிடையாது. மெழுகுவத்தியைக் கொளுத்தியது கோயிலில் வேலை பார்க்கும் குட்டியார். பிரியாணியை யாரும் ஒளிக்கவில்லை. வாத்து, திமிங்கிலம், இளவரசிகள் அனைவரையும் இத்தால் விடுவிக்கிறேன். வேடிக்கை பார்க்க யாரும் நிற்கவில்லை, என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும், சின்னதாக, நடந்தது. பேக்கரிக்குப் போனேன். அவள் இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். எதுவும் வாங்கவில்லை.